உதிரும் யூத நூல்களும் பொதுமக்கள் புரவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதடைந்த பழைய யூத நூல்களைச் செப்பனிடும் செலவைப் பொதுமக்கள் ஏற்பதே இங்கே புரவல் எனப்படுகிறது.

பழைய யூத நூல்கள் என்று இங்கே குறிக்கப்படுபவை எவை?

பெரும்பாலும் எபிரேய எழுத்தில் அச்சான நூல்கள். எபிரேயம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ், ஸ்பெயினிலிருந்து வெளியேறிய யூதர்களின் லாடினோ, யூத அரபு எனப் பல மொழிகள் அந்த எழுத்தைப் பயன்படுத்தின. யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதும் அதன் உரைகளும், வழிபாட்டு நூல்களும், சமயச் சட்டம் பற்றி ரபிகள் (யூத சமய குருக்கள்) எழுதிய பதில்களின் தொகுப்புகளும், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகையின் இரவில் வாசிக்கும் ஹகாதாக்களும் ஒருபுறம். 19, 20ஆம் நூற்றாண்டுகளின் நாவல்கள், நாடகங்கள், பாடநூல்கள், தொழிற்சங்க வெளியீடுகள் மறுபுறம். வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், சலோனிக்கா, வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்), வார்சா, பாக்தாத், நியூயார்க் என அவை அச்சான ஊர்களும் பல. தோலில் கையால் எழுதப்படும், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருள் இந்தக் கணக்கில் சேராது. அதைச் செப்பனிடுவது சமய விதிகளில் தேர்ந்த எழுத்தரின் பணி.

ஐந்நூறு ஆண்டுப் பழமையான புத்தகம் உறுதியாக இருக்கும்போது நூறு ஆண்டுப் புத்தகம் ஏன் உதிர்கிறது?

காகிதம்தான் காரணம். வெனிஸ் நகரில் டேனியல் பொம்பர்க் என்ற கிறிஸ்தவ அச்சகர் 1520 முதல் 1523 வரை தல்மூதின் முதல் முழுப் பதிப்பை அச்சிட்டார். அந்தக் காலக் காகிதம் லினன், பருத்திக் கந்தல்களைக் கூழாக்கிச் செய்யப்பட்டது. நீண்ட செல்லுலோஸ் இழைகளும், மை ஊறாமலிருக்கப் பூசிய ஜெலட்டினும் அதற்கு வலுவளித்தன. அந்தப் பதிப்பின் நன்கு பேணப்பட்ட ஒரு முழுத் தொகுப்பு 2015 டிசம்பரில் நியூயார்க்கில் 93 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் படிகாரத்தையும் ரோசின் என்ற மரப்பிசினையும் கொண்டு காகிதத்தில் மை ஊறாமல் தடுக்கும் மலிவான முறையை வெளியிட்டார். 1840களில் கந்தலுக்குப் பதிலாக மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. இரண்டும் சேர்ந்தபோது புத்தகத்தின் விலை குறைந்தது, ஆயுளும் குறைந்தது. படிகாரம் ஈரப்பதத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகிறது. மரக்கூழில் எஞ்சிய லிக்னின் என்ற மரப்பொருள் ஒளி பட்டுப் பழுப்பேறி மேலும் அமிலத்தைச் சேர்க்கிறது. சிதைவில் பிறக்கும் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டுவதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு தாள் தொட்டாலே அப்பளமாக நொறுங்குகிறது. நூலகர்கள் இதைச் சோதிக்கப் பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்ப்பார்கள். சில மடிப்புகளிலேயே மூலை கையோடு வந்துவிட்டால் அந்த நூலை இனி வாசகரிடம் கொடுக்க இயலாது.

எபிரேய, யிட்டிஷ் அச்சின் மிகச் செழிப்பான காலம் ஏறத்தாழ 1860 முதல் 1939 வரை. காகிதத்தின் மிக மோசமான காலமும் அதுவேதான். முதல் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாளில் அச்சானவை, 1920களின் சோவியத் வெளியீடுகள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் அகதி முகாம்களில் நாஜிப் படுகொலையில் உயிர்பிழைத்தோர் அச்சிட்டவை ஆகியவற்றின் நிலை இன்னும் கவலைக்குரியது. நம் ஊர்ப் பழம்புத்தகங்களுக்கு இராமபாணப் பூச்சியும் கரையானும் எதிரிகள் என்றால், இவற்றின் எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறது. பூட்டி வைத்தாலும் அது நிற்பதில்லை.

எல்லா மொழி நூல்களுக்கும் இதே கதிதானே? யூத நூல்களுக்குத் தனி முயற்சி எதற்கு?

வேதியியலில் வேறுபாடு இல்லை. வேறுபாடு எஞ்சியிருக்கும் படிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பிரெஞ்சு நாவலின் ஒரு படி உதிர்ந்தால், சட்டப்படி ஒரு படியைப் பெற்று வைத்திருக்கும் தேசிய நூலகம் ஒன்று இருக்கும். வார்சாவிலும் வில்னாவிலும் அச்சான யிட்டிஷ் நூல்களுக்கு அப்படி உறுதியான பாதுகாப்பு இருக்கவில்லை. அவற்றின் வாசகர்களில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள், நூலகங்கள் சூறையாடப்பட்டன. வில்னாவில் 1925இல் தொடங்கப்பட்ட யிவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தின் சேகரத்தைப் பிரிக்க, கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதி) அடைபட்ட யூத அறிஞர்களையே நாஜிகள் பணியமர்த்தினார்கள்: ஒரு பகுதி ஜெர்மனிக்கு, பெரும்பகுதி காகித ஆலைக்கு. கவிஞர் ஆவ்ரோம் சுட்ஸ்கெவரும் ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கியும் அடங்கிய அந்தக் குழுவினர் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் உடைக்குள் மறைத்துக் கெட்டோவுக்குள் கடத்தினார்கள். போருக்குப் பின் சோவியத் ஆட்சி அங்கிருந்த யூத அருங்காட்சியகத்தை மூடியபோது, அந்தானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் எஞ்சியவற்றை ஒரு தேவாலயக் கட்டடத்தில் பல ஆண்டுகள் மறைத்துக் காத்தார்.

அமெரிக்காவில் நேர்ந்தது வேறு வகை இழப்பு. தாத்தா பாட்டியின் யிட்டிஷ் அலமாரியைப் பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை. வீடு மாறும்போது அது குப்பைக்குப் போனது. 1980இல் 24 வயது ஆய்வு மாணவராக இருந்த ஆரன் லான்ஸ்கி இவற்றைத் திரட்டத் தொடங்கினார். உலகில் மீட்கத்தக்க யிட்டிஷ் நூல்கள் 70,000 மட்டுமே இருக்கும் என்று அறிஞர்கள் அப்போது மதிப்பிட்டார்கள். ஆறே மாதத்தில் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. பின்னர் பத்து லட்சத்தையும் கடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்டில் உள்ள யிட்டிஷ் புத்தக மையம் இப்படித்தான் உருவானது.

யூதர்கள் பழுதடைந்த நூல்களைப் புதைப்பார்கள் என்கிறார்களே. அப்படியிருக்க ஏன் செப்பனிட வேண்டும்?

இறைப்பெயர் எழுதப்பட்ட தாளை அழிக்கவோ குப்பையில் போடவோ யூதச் சட்டம் இடம் தருவதில்லை. பயன்பாட்டுக்கு உதவாதவற்றை ஜெபாலயத்தின் ஓர் அறையிலோ பரணிலோ சேர்த்து வைத்து, பிறகு கல்லறைத் தோட்டத்தில் புதைப்பது மரபு. அந்தச் சேமிப்பிடத்துக்கு கெனிசா என்று பெயர். ஆனால் புதைக்க வேண்டும் என்பது மரியாதையைப் பற்றிய விதியே தவிர, செப்பனிடுவதற்குத் தடை அன்று. 12ஆம் நூற்றாண்டில் யூதா இப்னு திப்போன் என்ற யூத மொழிபெயர்ப்பாளர் தம் மகனுக்கு எழுதிய அறிவுரையில், புத்தக அலமாரிகளை நல்ல திரைகளால் மூடவும், ஈரமும் எலியும் அணுகாமல் காக்கவும் சொல்கிறார். பேணலும் மரபின் பகுதியே.

புதைக்க மறந்ததால் விளைந்த நன்மைக்குப் பெரிய சான்று கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அங்கே சேர்ந்த தாள்கள் எகிப்தின் வறண்ட காற்றில் தப்பிப் பிழைத்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் ஷெக்டர் 1897இல் அவற்றிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த தொகுப்பில் இன்று ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. அவருடைய பயணச் செலவை ஏற்றவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த சார்லஸ் டெய்லர். அதனால்தான் அந்தத் தொகுப்பு இருவர் பெயரையும் தாங்குகிறது. புரவலின் வரலாற்றில் இவ்வளவு பலன் தந்த பயணச்சீட்டு வேறு இருக்குமா என்பது ஐயமே.

பொதுமக்கள் புரவல் என்பது எப்படி நடக்கிறது?

பொதுவான வடிவம் இது. நூலகம் தன் சேகரத்தில் பழுதடைந்த நூல்களின் பட்டியலை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் எங்கே எப்போது அச்சானது, என்ன பழுது, என்ன வேலை தேவை, எவ்வளவு செலவாகும் என்ற குறிப்பு இருக்கும். புரவலர் ஒரு நூலைத் தேர்ந்து செலவை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கிறார். அவர் பெயரோ, அவர் யாருடைய நினைவாகக் கொடுக்கிறாரோ அவர் பெயரோ நூற்பட்டியலிலும் பாதுகாப்புப் பெட்டியின் சீட்டிலும் பதிவாகிறது. இறந்தவரின் நினைவுநாள், பிள்ளைகளின் பர் மிட்ஸ்வா (பதின்மூன்று வயதில் சமயப் பொறுப்பேற்கும் சடங்கு), திருமணம் ஆகியவற்றையொட்டி இத்தகைய கொடைகள் அதிகம் வருகின்றன. யூதர்கள் 18, 36, 180 என 18இன் மடங்குகளில் பணம் கொடுப்பதையும் இங்கே காணலாம். எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பில் 18 வாழ்வைக் குறிக்கும்.

இது நூலகங்கள் புதிதாகக் கண்டுபிடித்த உத்தி அன்று. 18ஆம் நூற்றாண்டு முதல் எபிரேய நூலாசிரியர்கள் பலர் ஊர் ஊராகச் சென்று முன்பணம் திரட்டியே நூலை அச்சிட்டார்கள். பணம் தந்தவர்களின் பெயர்கள் ஊர்வாரியாக நூலின் முன்போ பின்போ அச்சாயின. இந்தப் பட்டியல்களைப் பின்னாளில் ஒரு நூல்விவர அறிஞர் தொகுத்தபோது, ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலுமாக 8,767 ஊர்களின் பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் பல ஊர்களில் இன்று ஒரு யூதரும் இல்லை. மூதாதையரைத் தேடுவோருக்கு அந்தப் பட்டியலே ஊரின் எஞ்சிய சாட்சி. தையற்காரரும் பால் வியாபாரியும் சிறு தொகை போட்டு அச்சாக்கிய நூல்களை இன்று மீண்டும் சிறு தொகைகள் காப்பாற்றுகின்றன.

பணம் எதற்குச் செலவாகிறது?

புரவலர்கள் மனத்தில் காண்பது உருப்பெருக்கிக் கண்ணாடியும் நுண்தூரிகையுமாக ஒருவர் குனிந்திருக்கும் மேசையை. அந்த மேசை உண்மையில் இருக்கிறது. முதலில் நூலின் நிலையைப் படமெடுத்துப் பதிகிறார்கள். பிறகு மென்தூரிகையாலும் ரப்பர் பஞ்சாலும் தூசியை அகற்றுகிறார்கள். யாரோ நல்லெண்ணத்தோடு ஒட்டிய செல்லோ டேப்பைக் கரைப்பான் கொண்டு நீக்குவது பல சமயம் மிக நீண்ட வேலையாகிவிடுகிறது. டேப்பின் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாக மாறியிருக்கும். கிழிசல்களை ஜப்பானிய மல்பெரி நார்த் தாளாலும் கோதுமை ஸ்டார்ச் பசையாலும் இணைக்கிறார்கள். நீர் பட்டால் கரைந்து, தேவைப்பட்டால் பிற்காலத்தில் கழற்றிவிடக்கூடிய பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை நெறி. மை நீரைத் தாங்குமானால் தாளைக் கழுவி, கால்சியம் அல்லது மக்னீசியம் கலந்த கரைசலில் அமிலத்தை நடுநிலைப்படுத்துவதும் உண்டு. ஆனால் அது இனி வரும் சிதைவைத் தாமதப்படுத்துமே தவிர, இழந்த வலுவைத் திருப்பித் தராது. இதைச் சொல்லாமல் பணம் கேட்பது நேர்மையன்று.

எல்லாக் கறையையும் நீக்குவதும் இல்லை. ஹகாதாவின் பக்கத்தில் சிந்திய திராட்சை ரசமும், வழிபாட்டு நூலில் சொட்டிய மெழுகும் அந்த நூல் எப்படிப் பயன்பட்டது என்பதற்கான சான்றுகள். அவற்றை நிலைப்படுத்திவிட்டு அப்படியே விடுகிறார்கள்.

இருந்தாலும் ஒரு நூலகத்துக்கு மிகுந்த பலன் தருவது இந்த மேசை வேலை அன்று என்பதே என் கணிப்பு. அமிலமற்ற அட்டைப் பெட்டி, குளிர்ந்த, ஈரப்பதம் சீராக உள்ள அறை, ஒழுங்கான நூற்பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான நூல்களின் ஆயுளை நீட்டிக்கின்றன. வெப்பம் குறையக் குறைய அமிலத்தின் வேகமும் குறைகிறது. வேறு எந்த மருந்தும் இவ்வளவு பரவலாக வேலை செய்வதில்லை. குளிரூட்டியின் மின்கட்டணத்துக்கு நினைவுச் சீட்டு ஒட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

பஸ்காவின்போது கோதுமைப் பசை விலக்கல்லவா?

பஸ்கா நாள்களில் புளித்த தானிய மாவை யூதர்கள் வைத்திருப்பதில்லை. தல்மூதின் அடிப்படையான மிஷ்னா என்ற சட்ட நூலின் பஸ்கா பகுதியே இதைப் பேசுகிறது: புளித்த மாவு கலந்த பொருள்களை வரிசைப்படுத்தும்போது எழுத்தர்களின் பசையையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் உலர்ந்து தாளோடு ஒன்றிவிட்ட பசையை உணவாகக் கொள்வதில்லை என்பதால், செப்பனிட்ட நூலை வைத்திருப்பது நடைமுறையில் சிக்கலாவதில்லை. ஐயமுள்ள குடும்பத்தினர் தங்கள் ரபியிடம் கேட்கலாம்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா?

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அது பெரும் மீட்பு. பழைய எபிரேய நூல்களைக் காக்கும் நோக்கில் தொடங்கிய ஹீப்ரூபுக்ஸ் தளம், அமெரிக்காவில் குறைந்த படிகளாக அச்சாகி மறைந்த ரபிகளின் நூல்களில் தொடங்கி, இன்று 60,000க்கும் மேற்பட்ட நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. யிட்டிஷ் புத்தக மையம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பெயரிலான தன் எண்ணிம நூலகத்தில் 11,000க்கும் மேற்பட்ட நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்துள்ளது. வில்னாவில் சிதறிய யிவோ சேகரத்தை நியூயார்க்கிலும் வில்னியஸிலும் இருந்து ஒன்றுசேர்த்த திட்டம் ஏழு ஆண்டுகளில் 70 லட்சம் டாலர் செலவில் 2022இல் நிறைவடைந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இணையத்தில் உள்ளன. எட்வர்ட் பிளாங்க் என்ற கொடையாளரின் பெயரை அது தாங்கினாலும், வேறு பலரின் நிதியும் அதில் கலந்திருக்கிறது.

ஆனால் ஸ்கேன் ஒரு படியின் படம் மட்டுமே. நாஜிகள் கொள்ளையடித்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் போருக்குப் பின் ஜெர்மனியின் ஆஃபன்பாக் கிடங்கில் குவிந்தபோது, அவை யாருடையவை என்று கண்டறிய உதவியது உள்ளிருந்த வாசகம் அன்று. அட்டையிலும் முதல் பக்கத்திலும் இருந்த நூலக முத்திரைகள்தாம். எழுத்து படிக்கத் தெரியாத பணியாளர்களும் பிரித்தெடுக்கும்படி அந்த முத்திரைகளைப் படமெடுத்து வகைப்படுத்தினார்கள். ஓரக்குறிப்பு, கையெழுத்து, முத்திரை ஆகியவை ஒவ்வொரு படியிலும் வேறுபடும். மேலும், கோப்புகளையும் காலந்தோறும் புதிய சேமிப்பகத்துக்கும் வடிவத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

புரவலரே நூலைத் தேர்ந்தெடுப்பது சரியா?

இத்திட்டங்களின் பலமும் பலவீனமும் இதுதான். ஓவியம் உள்ள ஹகாதாவுக்கும் பொம்பர்க் பதிப்புக்கும் புரவலர் உடனே கிடைப்பார். 1911இல் நியூயார்க்கில் மட்டமான தாளில் அச்சான ஒரு தையல் தொழிற்சங்க அறிக்கைக்கோ, உக்ரைனின் யிட்டிஷ் கணக்குப் பாடநூலுக்கோ யாரும் முன்வருவதில்லை. ஆனால் பொம்பர்க் பதிப்பு கந்தல் காகிதத்தில் இன்னும் இருநூறு ஆண்டு காத்திருக்கும், அந்த அறிக்கையோ பாடநூலோ காத்திருக்காது. உலகில் அதன் கடைசிப் படியாகவும் அது இருக்கக்கூடும். அழகையும் பழமையையும் வைத்துத் தேர்ந்தால் அவசரம் தலைகீழாகிறது.

அதனால் நல்ல நூலகங்கள் பெயர் சூட்டும் கொடையின் ஒரு பங்கைப் பொது நிதிக்குத் திருப்புகின்றன. சில, அழகான நூல் ஒன்றோடு அவசர நூல்கள் சிலவற்றைச் சேர்த்தே புரவலுக்கு வைக்கின்றன. எது முதலில் என்பதை நூலகமே முடிவு செய்யட்டும் என்று நிபந்தனையின்றிக் கொடுப்பதே சிறந்த கொடை. பெயர் வேண்டுவோரைக் குறைசொல்வதற்கில்லை. பெயர் இல்லாவிட்டால் பாதிப் பணம் வந்தே இருக்காது.

அரசோ பெருஞ்செல்வரோ செய்ய வேண்டியதைச் சிறு கொடையாளர் தலையில் கட்டலாமா?

அரசு செய்ததும் உண்டு. 2003 மே மாதம் பாக்தாத்தில் உளவுத்துறைத் தலைமையகத்தின் வெள்ளம் புகுந்த நிலவறையில் 2,700 யூத நூல்களும் பல்லாயிரம் ஆவணங்களும் கிடைத்தன. பூஞ்சை பரவாதிருக்க அவற்றை உறையவைத்து, டெக்சாஸில் வெற்றிடத்தில் உலர்த்தி, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் செப்பனிட்டது. முப்பது லட்சம் டாலர் அளவிலான அந்தச் செலவைப் பெரும்பாலும் அமெரிக்க அரசு ஏற்றது. அதன் விலையாக ஓர் அரசியல் சிக்கலும் வந்தது: ஈராக்குக்குத் திருப்பி அனுப்புவதா, அங்கிருந்து வெளியேறிய யூதர்களிடம் விடுவதா என்ற வழக்காடல்.

மறுபுறம் 2013இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு நூலகங்கள் போட்டியை விட்டு, கெனிசாத் தாள்கள் 1,700க்கும் மேற்பட்டவை அடங்கிய லூயிஸ்–கிப்சன் தொகுப்பை 12 லட்சம் பவுண்டு திரட்டிச் சேர்ந்து வாங்கின. அதில் ஐந்து லட்சம் ஓர் அறக்கட்டளையின் கொடை. மீதி பிற கொடையாளர்களிடமிருந்து வந்தது. பெரிய தொகை நம்பிக்கையைத் தொடங்கிவைக்கிறது. சிறிய தொகைகள் திட்டத்தை முடிக்கின்றன. இரண்டும் தேவை.

பணமில்லாதவர் உதவ முடியுமா?

முடியும். 1966 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி நூலகக் கோபுரம் தீப்பிடித்ததில் ஏறத்தாழ 70,000 நூல்கள் அழிந்தன. அணைக்க அடித்த நீரில் நனைந்தவை இன்னும் பல. மாணவர்களும் அக்கம்பக்கத்தவரும் திரண்டு வந்து, நனைந்த நூல்களின் பக்கங்களுக்கு இடையே கைதுடைக்கும் காகிதத்தை ஒவ்வொன்றாகச் செருகி ஈரத்தை இழுத்தார்கள். அன்றாட நிலையிலும் நூற்பட்டியல் சரிபார்த்தல், எபிரேய எழுத்தில் உள்ள தலைப்புகளைத் தட்டச்சிடுதல், பெட்டி மடித்தல் ஆகியவற்றுக்குத் தன்னார்வலர் தேவைப்படுகிறார்கள்.

புரவலருக்கு நூல் சொந்தமாகுமா?

ஆகாது. நூல் நூலகத்துக்கே உரியது. புரவலர் அதைப் பார்வையிடலாம்.

இந்தியாவோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு. கெய்ரோ கெனிசாவில் மலபார்க் கரையோடு நடந்த வாணிபத்தின் கடிதங்கள் பல கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்த கூட்டாளிகள் சரக்குகளோடு எழுதும் தாளையும் அனுப்பிய செய்தி அவற்றில் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாடல்களைக் கையால் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் பல இஸ்ரேலுக்குச் சென்றன. சில ஜெருசலேம் நூலகங்களில் பேணப்படுகின்றன. அவையும் பெரும்பாலும் மலிவான பள்ளி நோட்டுத் தாள்களே.

வீட்டில் பழைய எபிரேய நூல் ஒன்று இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதவை: செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் லேமினேஷன் செய்ய வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், புதிதாக பைண்டிங் செய்யத் தெருமுனைக் கடையில் கொடுக்க வேண்டாம். உள்ளே செய்தித்தாள் துணுக்குகள் இருந்தால் எடுத்துவிடவும். அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளுக்குப் பரவிப் பழுப்பு நிழலாகப் படியும். தலைப்புப் பக்கம், அச்சக விவரம், முத்திரைகள், கையால் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ யூத நூலகத்துக்கோ அனுப்பிக் கேட்கவும். நூலை அனுப்புவது அதற்குப் பிறகுதான். அவர்களிடம் ஏற்கெனவே நல்ல படி இருந்தால் வேண்டாம் என்பார்கள். இல்லையென்றால் எப்படிப் பொதிந்து அனுப்புவது என்று அவர்களே சொல்வார்கள். முடிந்தால் ஒரு பெட்டியின் விலையையும் சேர்த்து அனுப்பவும்.